ராபின்சனா, ஹாக்லரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், 160 பவுண்டு எடைக்கு உட்பட்ட மிடில்வெயிட் குத்துச்சண்டைப் பிரிவில் எல்லாக் காலத்துக்கும் முதல்வர் சுகர் ரே ராபின்சன்தான் என்றும், அவர் அப்பிரிவின் உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தேன். காரணம் சொல்லாமல் எழுதிய அந்த வரிக்கு வந்த மறுப்புகளும் கேள்விகளும் இம்முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன.

கேள்வி: 1951ஆம் ஆண்டின் ராபின்சனும் 1985ஆம் ஆண்டின் மார்வின் ஹாக்லரும் மோதினால் வெல்பவர் யார்? சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லவும். (மதுரை வாசகர்)

ராபின்சன். ஆனால் 15 சுற்றுகள் முடிந்து, புள்ளிக் கணக்கில், மிகச் சிறிய வித்தியாசத்தில். பெயரைச் சொல்லிவிட்டதால் இனி என் விருப்பம்போல் சுற்றி வளைக்க அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய கற்பனை ஆட்டங்களில் பெரும்பாலோர் இருவரின் வெற்றிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தோல்விகளையும், தோல்வியின் விளிம்புவரை போய் மீண்ட ஆட்டங்களையும்தான். ஏனென்றால் ஒரு வீரர் யாரை வீழ்த்தினார் என்பதைவிட, எத்தகைய ஆட்டம் அவரைத் திணறடித்தது என்பதுதான், அவர் சந்தித்திராத ஒருவரிடம் எப்படி ஆடியிருப்பார் என்பதற்கு நம்பத்தகுந்த தடயமாகும்.

ராபின்சனைத் திணறடித்தவர்கள் ஒரே வார்ப்பில் இருந்தார்கள். 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் அவருக்கு முதல் தோல்வியைத் தந்த ஜேக் லமோட்டா, தம்மைவிட ஏறத்தாழ 16 பவுண்டு எடை குறைந்த ராபின்சனை விடாமல் நெருக்கி, எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே தள்ளி வீழ்த்தினார். 1951 ஜூலையில் லண்டனில் பட்டத்தைப் பறித்த ராண்டி டர்பின், வலுவான உடலும் நேரான இடக்கைக் குத்தும் கொண்டவர். 1957 ஜனவரியில் வென்ற ஜீன் ஃபுல்மர், அழகைப் பற்றிக் கவலைப்படாமல் மார்போடு மார்பாக வந்து இடித்தவர். வலிமையானவர், பின்வாங்காதவர், குத்து வாங்கினாலும் நிற்பவர் என்ற இந்த மூன்று குணங்களையும் சேர்த்து ஒருவரைச் செய்யச் சொன்னால் கிடைப்பவர் 1980களின் மிடில்வெயிட் சாம்பியன் ஹாக்லர்தான். அதற்கு மேல் ஹாக்லர் இடக்கை நிலையில், அதாவது வலக்கையை முன்னால் நீட்டி இடக்கையைப் பின்னால் வைத்து, நின்று ஆடுபவர். மிடில்வெயிட் பட்டத்துக்காக ராபின்சன் சந்தித்தவர்களில் இடக்கை நிலையாளர் ஒருவரும் இல்லை. உயரத்தில் ராபின்சனைவிடக் குறைந்தவரானாலும் கை நீட்டத்தில் ஹாக்லர் 75 அங்குலம், ராபின்சன் சுமார் 72 அங்குலம்.

இவ்வளவும் ஹாக்லர் பக்கம் இருக்க, ராபின்சன் பெயரை ஏன் சொன்னேன்? ஹாக்லரின் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அவருக்குத் தொல்லை கொடுத்தவர்கள் வலிமையானவர்கள் அல்லர். வலிமையை நம்பி வந்த தாமஸ் ஹேர்ன்ஸை 1985 ஏப்ரலில் மூன்றே சுற்றுகளில் முடித்துவிட்டார். தொல்லை கொடுத்தவர்கள் யோசித்து ஆடியவர்கள். 1983 நவம்பரில், 135 பவுண்டு லைட்வெயிட் பிரிவிலிருந்து படிப்படியாக மேலேறி வந்த ரொபெர்டோ டூரானுடன் ஆடியபோது, 13 சுற்றுகள் முடிந்த நிலையில் இரண்டு நடுவர்களின் தாளில் டூரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். மூன்றாமவர் தாளில் சமநிலை. கடைசி இரண்டு சுற்றுகளை வென்றுதான் ஹாக்லர் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1987 ஏப்ரலில், ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு முறை மட்டுமே ஆடியிருந்த சுகர் ரே லெனர்ட், கால்களையும் சுற்று முடிவில் வீசும் சரமாரியான குத்துகளையும் கொண்டு அவரிடமிருந்து பட்டத்தைப் பெற்றார். அந்த ஆட்டத்தின் முடிவு சரியா என்பது குறித்து இன்றும் சண்டை ஓயவில்லை. ஒரு நடுவர் 118-110 என்று லெனர்டுக்குக் கொடுத்ததை நானும் ஏற்கவில்லை. ஆனாலும் தொடக்கச் சுற்றுகளில் தம் இயல்பான இடக்கை நிலையை விட்டு வலக்கை நிலையில் ஆடி, ஹாக்லர் தாமே புள்ளிகளைத் தானம் செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை.

லெனர்டிடம் இருந்த வேகம் ராபின்சனிடமும் இருந்தது; லெனர்டிடம் மிடில்வெயிட் எடையில் இல்லாத ஒன்று, பின்வாங்கும்போதே ஒரே குத்தில் ஆட்டத்தை முடிக்கும் திறன், ராபின்சனிடம் இருந்தது. 1957 மே மாதம் சிகாகோவில் அதே ஃபுல்மரை ஐந்தாவது சுற்றில் ஒற்றை இடக்கை ஹுக்கில் (வளைந்து பக்கவாட்டில் வரும் குத்தில்) வீழ்த்தியதே சான்று. ஹாக்லரின் தாடை கல்லால் ஆனது என்பதால் அப்படி ஒரு முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்படி ஒரு குத்து வந்துவிடுமோ என்ற அச்சம் ஹாக்லரை முதல் ஆறு சுற்றுகளுக்கு எச்சரிக்கையாக வைத்திருக்கும்; அந்த ஆறு சுற்றுகள்தான் இறுதியில் வித்தியாசமாக நிற்கும். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். நான் சொல்வது 1951 பிப்ரவரியில் லமோட்டாவை 13ஆவது சுற்றில் நிறுத்திய ராபின்சனை. ஓய்விலிருந்து 1955இல் திரும்பி வந்த ராபின்சன் என்றால் பந்தயத்தை ஹாக்லர் மீது கட்டுவேன்.

கேள்வி: நூறு மீட்டர் ஓட்டத்திலும் நீச்சலிலும் பழைய சாதனைகள் உடைந்துகொண்டே வருகின்றன. குத்துச்சண்டையில் மட்டும் 1951ஆம் ஆண்டு வீரர் இன்றைய வீரரை எப்படி வெல்ல முடியும்? இது பழமைப் பற்று அல்லவா? (கோயம்புத்தூர் வாசகர்)

பழமைப் பற்று எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டத்தில் எதிரி கடிகாரம். கடிகாரம் திருப்பி அடிப்பதில்லை. குத்துச்சண்டைத் திறன் எதிராளியைப் படித்து உடனுக்குடன் மாறும் திறன், அது ஆட்டங்களின் எண்ணிக்கையால் வளர்வது. டர்பினைச் சந்திக்கும் முன் ராபின்சன் 130க்கு மேற்பட்ட தொழில்முறை ஆட்டங்களை ஆடியிருந்தார். இன்று ஒரு மிடில்வெயிட் சாம்பியன் 30, 40 ஆட்டங்களில் ஓய்வு வயதை நெருங்கிவிடுகிறார்.

உங்கள் கேள்வியின் உண்மையான வலு வேறிடத்தில், எடையில், இருக்கிறது. ராபின்சன் காலத்தில் ஆட்டம் நடக்கும் அன்றே எடை பார்த்தார்கள். இப்போது முந்திய நாள் எடை பார்ப்பதால், உடலின் நீரை வற்றவைத்து 160 பவுண்டுக்கு இறங்கும் ஒருவர், ஒரே இரவில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு மறுநாள் 170 பவுண்டுக்கு மேலும் நிற்க முடிகிறது. ராபின்சனோ 1951இல் லமோட்டாவுக்கு எதிராக 155½ பவுண்டுதான். ஆகவே ஆட்டம் யார் விதிப்படி என்று முதலில் தீர்மானிக்காமல் யார் வெல்வார் என்று கேட்பதில் பொருள் இல்லை. ஆட்டத்தன்றே எடை பார்த்தால் இன்றைய வீரர்களில் சிலர் மிடில்வெயிட்டாகவே இருக்க மாட்டார்கள்.

இருந்தும், பெரிய உடலை ராபின்சன் சமாளிப்பாரா என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திவைத்திருக்கிறது. 1952 ஜூன் 25 அன்று நியூயார்க் யாங்கி மைதானத்தில், அடுத்த மேல் எடைப் பிரிவான லைட்-ஹெவிவெயிட்டின் சாம்பியனான 173 பவுண்டு ஜோயி மாக்சிமை 157½ பவுண்டு ராபின்சன் சந்தித்தார். விளக்குகளின் கீழ் வெப்பம் 40 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறியிருந்தது. 10 சுற்றுகளுக்குப் பின் வளையத்துக்குள் நின்ற நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனே தளர்ந்துபோய் மாற்றப்பட்டார். 13 சுற்றுகள் முடிவில் மூவர் தாளிலும் முன்னிலையில் இருந்த ராபின்சன், 14ஆவது சுற்றுக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் தோற்றார். அவரை வென்றது வெயில் என்று சொல்வோர் உண்டு. மாக்சிமும் அதே வெயிலில்தான் நின்றார் என்று சொல்வதும் நியாயமே. ஆனால் 15 பவுண்டு கூடுதல் எடை அவரை மிரட்டவில்லை என்பதை அந்த 13 சுற்றுகள் காட்டிவிட்டன.

கேள்வி: அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோனைத் தாங்கள் குறிப்பிடவே இல்லை. அவர் 1977 வரை சாம்பியன். ஹாக்லரோ 1973 முதலே தொழில்முறையில் ஆடியவர். இவர்கள் ஏன் மோதவில்லை? மோதியிருந்தால்? (யாழ்ப்பாணம் வாசகர்)

குறிப்பிடாதது என் பிழைதான். 1970 நவம்பரில் ரோமில், இத்தாலியர்கள் கொண்டாடிய நினோ பென்வெனூட்டியை அவருடைய மண்ணிலேயே 12ஆவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்ற மொன்சோன், அதை 14 முறை காத்து, தோற்காமலே 1977இல் ஓய்வு பெற்றார். 1964க்குப் பின் அவரை எவரும் வெல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற 1977இல் ஹாக்லர் சவால் விடும் தகுதிக்கு இன்னும் வரவில்லை. 1976இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் பாபி வாட்ஸிடமும் வில்லி மன்ரோவிடமும் தோற்றிருந்தார். இரண்டு ஆண்டுகள் இடைவெளியில் கைநழுவிப்போன ஆட்டம் இது.

இதில் மட்டும் நமக்கு ஒரு பொது அளவுகோல் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் மொட்டைத் தலை முரடர் பென்னி பிரிஸ்கோ இருவருடனும் ஆடியவர். மொன்சோனுடன் 1967இல் சமன் செய்தார். 1972 பட்ட ஆட்டத்தில் ஒன்பதாவது சுற்றில் அவரைத் தள்ளாட வைத்து, பின் புள்ளிகளில் தோற்றார். 1978 ஆகஸ்டில் ஹாக்லர் அவரைப் பத்துச் சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். ஹாக்லர் சந்தித்த பிரிஸ்கோ வயதேறியவர் என்பதால் இந்த அளவுகோலை அளவுக்கு மீறி நம்பக் கூடாது.

ஆட்டமுறையைப் பார்த்தால் மொன்சோனுக்குச் சாதகம் அதிகம். நிமிர்ந்து நின்று, நீண்ட இடக்கையால் தொலைவை அளந்து, நெருங்கி வருபவரின் முன்கையைப் பிடித்துத் தள்ளி, அவர் நிலைகுலையும் நொடியில் வலக்கையை நேராக இறக்குவது அவர் பாணி. பார்ப்பதற்கு எளிமையாக, சற்றுச் சோம்பலாகக்கூடத் தெரியும். அவரிடம் தோற்ற எமில் கிரிஃபித்தும் ஹோசே நாப்போலெஸும் அதன் விலையை அறிவார்கள். டூரானும் லெனர்டும் ஹாக்லரின் தாளத்தைக் கலைத்ததுபோல இவராலும் கலைக்க முடியும். அவர்களைவிட உடலும் பெரிது. 15 சுற்றுகளில் மொன்சோன் என்பது என் கணிப்பு. 12 சுற்றுகள் என்றாலும் அதையே சொல்வேன், ஏனெனில் பின்சுற்றுகளில் மீள்வது ஹாக்லரின் பலம்.

மொன்சோனைப் புகழும்போது மறைக்கக் கூடாத ஒன்று: 1988இல் தம் துணைவி அலிசியா முனீஸைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறை சென்றார், 1995இல் சிறையிலிருந்து தற்காலிக விடுப்பில் வந்தபோது கார் விபத்தில் இறந்தார். வளையத்துக்குள் அவர் யார் என்பதைத்தான் மேலே எழுதினேன்.

கேள்வி: ஹாரி கிரெப் என்பவரே எல்லோரிலும் சிறந்தவர் என்று சில பழைய எழுத்தாளர்கள் சாதிக்கிறார்கள். அவர் ஆடிய ஒரு ஆட்டத்தின் படச்சுருள்கூட இல்லையாமே? பார்க்காத ஒருவரை எப்படி மதிப்பிடுவது? (திருச்சி வாசகர்)

உண்மைதான். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிரெப் ஏறத்தாழ 300 ஆட்டங்கள் ஆடியும், மிஞ்சியிருப்பது பயிற்சி செய்யும் சிறு காட்சி மட்டுமே. அதோடு அன்றைய அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடுவர் வெற்றி அறிவிப்பதற்கே சட்டத் தடை இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் யார் என்பதை மறுநாள் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். எனவே அவருடைய கணக்கே ஊருக்கு ஊர் மாறும்.

படம் இல்லாவிட்டாலும் எதிராளிகள் இருக்கிறார்கள். பின்னாளில் ஜாக் டெம்ப்சியை வென்று ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னி, தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தோற்றார்; 1922 மே மாதம் அந்தத் தோல்வியைக் கொடுத்தவர் அவரைவிடச் சிறியவரான கிரெப். தொடக்கத்திலேயே டன்னியின் மூக்கு உடைந்தது. 1925 ஜூலையில் மிக்கி வாக்கரிடமிருந்து பட்டத்தைக் காத்தபோது கிரெப்புக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. 1926 பிப்ரவரியில் டைகர் ஃபிளவர்ஸிடம் பட்டத்தை இழந்து, அதே ஆண்டு அக்டோபரில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 32 வயதில் இறந்தார்.

அவரை ஹாக்லருடனோ ராபின்சனுடனோ மோதவிட நான் தயங்குகிறேன். அவர் கால் எங்கே இருந்தது, கை எந்தக் கோணத்தில் வந்தது என்று தெரியாமல் முடிவு சொன்னால் அது கணிப்பாகாது. ஓய்வில்லாமல் குத்து மழை பொழிந்தவர், அன்றைய நடுவர்கள் கண்டும் காணாமல் விட்ட தலைமுட்டலையும் கண்ணில் கட்டைவிரலால் குத்தும் வேலையையும் அறிந்தவர் என்று சமகாலத்தவர் எழுதியதை வைத்துப் பார்த்தால், இன்றைய நடுவரிடம் நான்காவது சுற்றுக்குள் தகுதி நீக்கம் பெற்றிருப்பார் என்பது மட்டும் என் சந்தேகம். ராபின்சனின் ஆதரவாளர்களும் இதில் அதிகம் சிரிக்க வேண்டாம். 1940களில், 147 பவுண்டு வெல்டர்வெயிட் பிரிவில், அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளின் ஆட்டங்களில் பெரும்பகுதிக்கும் படச்சுருள் இல்லை.

கேள்வி: கணினியிடம் புள்ளிவிவரங்களைக் கொடுத்தால் முடிவு தெரிந்துவிடாதா? (சேலம் வாசகர்)

செய்து பார்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1967இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர் கணினிக் கணக்கைக் கொண்டு ஹெவிவெயிட் வீரர்களின் கற்பனைப் போட்டித் தொடரை ஒலிபரப்பினார். அதில் பழைய காலச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்கடிக்கப்பட்ட முகமது அலி, தம் பெயருக்குக் களங்கம் என்று வழக்குத் தொடுத்தார். பிறகு 1969இல் அலியையும், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகிவிட்ட ராக்கி மார்சியானோவையும் நேரிலேயே வரவழைத்து, வெவ்வேறு முடிவுகளை நடிக்கவைத்துப் படமாக்கினார்கள். மார்சியானோ உடல் மெலிந்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு ஆடினார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13ஆவது சுற்றில் வெல்வதாகக் காட்டப்பட்டது. வெளியீட்டைக் காண அவர் உயிருடன் இல்லை. கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண்களைத்தான் திருப்பித் தரும். அந்த மதிப்பெண்களை இட்டவர்கள் என்னைப்போன்ற எழுத்தாளர்கள்தான்.

கேள்வி: பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஜென்னடி கோலோவ்கின் இருவரும் தொடர்ந்து தலா 20 முறை மிடில்வெயிட் பட்டம் காத்தவர்கள். இவர்களில் யார்? (கோலாலம்பூர் வாசகர்)

ஹாப்கின்ஸ், 12 சுற்றுகளில், புள்ளிகளில். ரசிகர்களுக்குப் பிடிக்காத ஆட்டமாக அது இருக்கும். தொடர்ந்து 23 பேரை நாக்-அவுட் செய்த கோலோவ்கினை 2017 மார்ச்சில் முழு 12 சுற்றுகளுக்கும் நிற்கவைத்தவர் டேனியல் ஜேக்கப்ஸ்; வலக்கை, இடக்கை என நிலை மாற்றி மாற்றி ஆடியே அதைச் செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸுடன் நடந்த ஆட்டம் சமனில் முடிந்தது. கோலோவ்கின் வென்றதாகவே நான் கணக்கிட்டேன் என்றாலும், நகரும் தலையும் எதிர்க்குத்தும் அவர் குத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்பது தெரிந்தது. எதிராளியைக் குறைவாகக் குத்தவைப்பதில் ஹாப்கின்ஸுக்கு இணை கிடையாது. 2001 செப்டம்பரில், அதுவரை தோல்வியே அறியாத ஃபெலிக்ஸ் டிரினிடாடைச் சுற்றுக்குச் சுற்று தேய்த்து 12ஆவதில் முடித்ததைப் பாருங்கள். அவருக்குத் தொல்லை தந்தவர்கள் 1993இல் ராய் ஜோன்ஸும் 2005இல் ஜெர்மைன் டெய்லரும், அதாவது கை வேகம் மிக்கவர்கள். கோலோவ்கினின் சிறப்பு வேகம் அல்ல.

கேள்வி: ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற நம் விஜேந்தர் சிங்கும் மிடில்வெயிட்தானே? இந்த வரிசையில் அவர் எங்கே? (சென்னை வாசகர்)

2008 பெய்ஜிங்கில் அவர் வெண்கலம் வென்றது 75 கிலோ பிரிவில்; அது அமெச்சூர் மிடில்வெயிட். அன்று தலைக்கவசத்துடன், இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு மட்டுமே. தொழில்முறையில் 2015இல் நுழைந்தபின் அவர் ஆடியது பெரும்பாலும் 168 பவுண்டுப் பிரிவில். இந்தியாவுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் முதல் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் என்ற இடம் அவருக்கு உறுதி. 15 சுற்றுப் பட்டியலில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவது அவருக்கே நியாயம் செய்வதாகாது.

கேள்வி: ராபின்சன் மிடில்வெயிட் பட்டத்தை ஐந்து முறை வென்றதாக எழுதியிருந்தீர்கள். நான்கு முறைதான் என்று நினைக்கிறேன். (ஈரோடு வாசகர்)

ஐந்துதான். 1951 பிப்ரவரியில் லமோட்டாவிடமிருந்து; அதே ஆண்டு செப்டம்பரில், கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிய, பத்தாவது சுற்றில் டர்பினை நிறுத்தி; 1955 டிசம்பரில் பாபோ ஓல்சனிடமிருந்து; 1957 மே மாதம் ஃபுல்மரிடமிருந்து; 1958 மார்ச்சில் கார்மென் பசிலியோவிடமிருந்து. டர்பினிடம் 64 நாட்களில் திரும்பப் பெற்றதைத் தாங்கள் தனி வெற்றியாக எண்ணாமல் விட்டிருக்கலாம்.